அஞ்சலைக்குப் போகாத செய்தி

என் அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய பட்டியல் வந்தது. உன் அப்பாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நம் புரோகிராமில் சேர்க்கப் பதினான்கு புது வசதிகள். பேசினால் புரிந்துகொள்ளுமாம், வரைபடம் காட்டுமாம், நெல்லின் நோயைப் படம் பிடித்துப் போட்டால் மருந்து சொல்லுமாம். அப்பா ஒவ்வொன்றையும் படித்து முடித்து, "எல்லாம் சரி, ஆத்துல ஷட்டர் தொறந்தா சொல்லுமா?" என்று கேட்டார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு வந்து பத்து நாள் இருப்பாய், ஜெர்மனிக்குக் கிளம்பும் முன், தண்ணீர் வருவதை ஊருக்குச் சொல்லும் என் புரோகிராமை உன் கைக்கு மாற்றிக்கொள்வாய் என்று எழுதியிருக்கிறாய். மாற்றித்தான் ஆக வேண்டும். இடது கண்ணில் பார்வை போய்விட்டது, வலது கண்ணும் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தக் கடிதத்தைக்கூட நான் சொல்ல அப்பாதான் எழுதுகிறார். ஆனால் நீ அந்தப் பதினான்கில் ஒன்றைக்கூடச் சேர்க்கக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதிலிருக்கும் வேண்டாததையெல்லாம் எடுத்துப் போட்டு, ஒரே ஒரு வேலை செய்கிற புரோகிராமாக அதைத் திருப்பித் தர வேண்டும். ஏன் என்று சொன்னால் உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும்.

அது எப்படி ஆரம்பித்தது என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம். ஆற்றில் தண்ணீர் ஏறினால் மதகு பார்க்கும் லஸ்கர் ஷட்டரைத் தூக்குவார். தூக்குவதற்கு முன் நாலு பேருக்குப் போன் பண்ணுவார். அந்த நாலு பேரும் ரோட்டோரம் வயல் வைத்திருப்பவர்கள். அவர்கள் மடையை அடைத்து, வடிகாலை வெட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சொல்வார்கள். வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருப்பவர்களுக்குச் சேதி வருவதற்குள் தண்ணீரே வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் நான் ஒரு பக்கம் வருகிற அளவில் ஒரு புரோகிராம் எழுதினேன். லஸ்கர் எனக்குச் சொல்வார், நான் ஒரு வரி தட்டுவேன், சிம் போட்ட மோடத்தின் வழியாக வாய்க்காலில் வயல் வைத்திருக்கும் நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி போகும். முதலில் இருப்பவனுக்கும் கடைசியில் இருப்பவனுக்கும் ஒரே நிமிஷத்தில். மோடத்தோடு பேசுவதற்கு மட்டும் வேறு யாரோ எழுதி நெட்டில் போட்டிருந்த ஒரு பேக்கேஜை எடுத்துக்கொண்டேன். ஒன்றே ஒன்று. அந்த முதல் இரண்டு வருஷம் அது ஒரு நாளும் என்னை ஏமாற்றவில்லை.

பிறகு ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். பொங்கலுக்கு வாழ்த்து வந்தால் நன்றாயிருக்கும் என்றார் ஒருவர். சேர்த்தேன். தமிழ்த் தேதி கேட்டார்கள், சேர்த்தேன். வானிலை கேட்டார்கள். காலை வணக்கம் சொல்லித் தாமரைப் பூ படம் கேட்டார்கள். நான் ஒருவருக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஓய்வு பெற்ற டீச்சரை யார் தேடி வருகிறார்கள் சொல், வந்து கேட்டால் மனசு குளிர்ந்துபோகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேக்கேஜ். நம் வீட்டுக் கல்யாணத்தில் பெரியப்பாவின் சம்பந்தி ஒருவரை அழைத்ததற்கு ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்களே, அதே கதைதான். நான் ஒன்றைக் கூப்பிட்டால் அது தனக்கு வேண்டியவை என்று ஏழெட்டைக் கூட்டிக்கொண்டு வந்தது, அந்த ஏழெட்டும் தம் பங்குக்குக் கூட்டி வந்தன. யார் எழுதியவை, எந்த ஊர், இன்னும் யாராவது பார்த்துக்கொள்கிறார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. கடைசியாக எண்ணியபோது முந்நூறைத் தாண்டியிருந்தது. ஒரு வரிச் செய்தி அனுப்ப முந்நூறு பேர் வேலை பார்த்தார்கள்.

அதற்கப்புறம்தான் விவசாயிகள் சங்கத் தலைவர் வந்தார். "டீச்சர், போன வாரம் மடை தொறக்கச் சொல்லி மெசேஜ் சரியா ராகு காலத்துல வந்துச்சு. பாத்துப் போடுங்களேன்" என்றார். உனக்குப் போன் பண்ணினேன். "அதுக்குப் பஞ்சாங்கப் பேக்கேஜ் ஒன்னு இருக்கும்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்றாய். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ராகு காலம் கிழமைக்கு ஒன்று, வாராவாரம் மாறாது. சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் போட்டிருக்கிறது. ஏழு கிழமைக்கு ஏழு வரி நானே எழுதியிருக்கலாம். அதைவிட, தண்ணீருக்கு ராகு காலம் கிடையாது என்று தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், ராகு காலம் முடியும் வரை செய்தியை நிறுத்தி வைக்க அந்தப் பேக்கேஜை இறக்கினேன். அதிலும், தேவையானால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தனியாகச் சில துணை வசதிகளைப் போட்டிருந்தார்கள். சூரிய உதயக் கணக்கு, ஜாதகக் கட்டம், கிரகணத்தைப் படமாக வரைவது. நான் எல்லாம் என்று போட்டேன்.

ஏன் எல்லாம் என்று போட்டேன் என்பதை இத்தனை நாள் யோசித்துவிட்டேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூட லேபுக்குத் தஞ்சாவூரிலிருந்து சிடி கடன் வாங்கி வருவேன், ஞாபகம் இருக்கிறதா? திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். நெட் கிடையாது. பிறகு ஒன்று தேவைப்பட்டால் திரும்ப பஸ் ஏற வேண்டும். அதனால் சனிக்கிழமை உன்னை லேபுக்குக் கூட்டிப் போவேன். "எதையும் விடாத, எல்லாக் கட்டத்துலயும் டிக் போடு, பின்னால வேணும்னா யார் போய் வாங்கிட்டு வர்றது" என்பேன். நீ சின்ன விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டு வருவாய். எத்தனை பிள்ளைகளுக்கு அதையே பாடமாகச் சொன்னேன். இல்லாத காலத்தில் கற்ற பழக்கம், எல்லாம் கிடைக்கிற காலத்திலும் என் கையை விட்டுப் போகவில்லை. உன் கையையும் விட்டுப் போகவில்லை என்பது உன் பட்டியலைக் கேட்டபோது தெரிந்தது. அந்த விரலுக்கு நான்தான் பழக்கிவிட்டேன். அதனால்தான் உன்னைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

போன வருஷம் கண் ஆஸ்பத்திரிக்கு முதல் முறை தஞ்சாவூர் போனோமே, அப்போதும் இதே கூத்துதான். பிளாஸ்க், போர்வை, டார்ச், ஊறுகாய், மாற்றுப் புடவை இரண்டு, குடை இரண்டு என்று மூன்று பை கட்டினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகுதான் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டு அலமாரியில் இருப்பது நினைவு வந்தது. அப்பா மூன்று பையையும் தூக்கிக்கொண்டு திரும்பக் குடவாசல் பஸ்ஸில் ஏறினார். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போன ஐப்பசியில் ஒரு நாள் மெசேஜ் நின்றுபோனது என்று மட்டும் உனக்குத் தெரியும். அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு லஸ்கர் போன் பண்ணினார். "டீச்சர், மேல தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு. பன்னெண்டு மணிக்கு ஷட்டரத் தூக்கச் சொல்லிட்டாங்க. கடைமடைக்கு நாலு மணிக்கெல்லாம் வந்துரும், சொல்லிடுங்க." நான் வரியைத் தட்டினேன். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. செய்தியை வாங்கிக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தம், அனுப்பிவிட்டேன் என்று இல்லை. அந்த விளக்கை வைத்ததும் நான்தான். கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சங்கத் தலைவர் குடையோடு வந்து, "ஏன் டீச்சர் மெசேஜே வரல?" என்றார். போய்ப் பார்த்தால் திரை முழுக்க ஒரே வரி. "நேரம் தெரியவில்லை, பத்து நிமிடம் பொறுக்கிறேன்." நல்ல தமிழில் நானே எழுதி வைத்த வரி. நாற்பத்து நான்கு முறை பொறுத்திருந்தது. காரணத்தை நீதான் கண்டுபிடித்தாய். அன்று காலை பேக்கேஜ்கள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டிருக்கின்றன. கிரகணத்தைப் படம் வரையும் துண்டு எதன் மேல் நின்றதோ அதை எழுதியவர் நெட்டிலிருந்து எடுத்துவிட்டார். அது விழ, பஞ்சாங்கம் விழுந்தது. ராகு காலமா இல்லையா என்று தெரியாமல் என் புரோகிராம் காத்திருந்தது. ஒன்பதரை மணிக்கு ராகு காலமே இல்லை. கிரகணப் படம் நம் வாய்க்காலில் ஒருத்தரும் கேட்கவில்லை.

ரோட்டோரத்து ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. லஸ்கர் பைக்கில் போகும்போது அவர்களிடம் வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வயல் போனது அஞ்சலைக்கு. அவளை நீ பார்த்திருக்கிறாய். கடைமடையில் வீடு, புருஷன் திருப்பூரில் வேலை. பத்து வயதிலிருந்து ஊரான் வயலுக்குக் கூலி நடவு நட்டவள் முதல் முறையாக நாலு மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தன் வயலுக்கு நட்டிருந்தாள். நட்டுப் பன்னிரண்டு நாள். அன்று அவள் பக்கத்து ஊரில் கூலிக்குப் போயிருந்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டுதான் நட்டிருக்கிறாள். மெசேஜ் வந்தால் ஓடி வந்துவிடலாம் என்று. சாயங்காலம் திரும்பி வந்தபோது வரப்பே தெரியவில்லை. அந்தத் தண்ணீர் ஒன்பது நாள் நின்றது. வடிந்த பிறகு பயிர் இருந்த இடத்தில் அழுகல் நாற்றம்தான் இருந்தது.

மறுநாள் அவள் நம் வீட்டுக்கு வந்தாள். சண்டை போட வரவில்லை. வாசலில் நின்று போனை நீட்டினாள். "டீச்சர், எல்லாருக்கும் வந்துச்சா? எனக்கு மட்டும் வரலையா? இத செத்தப் பாருங்களேன்." நான் அந்தப் போனை வாங்கினேன். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "கடைமடையில சிக்னல் கிடைக்காதும்மா. ஒன் போனும் பழசு" என்றேன். முப்பது வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று முட்டி போட வைத்தவள் நான். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அவள் நம்பினாள். டீச்சர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள். "எங்க நின்னா கிடைக்கும் டீச்சர்?" என்று கேட்டாள். வாய்க்கால் மதகின் மேல் ஏறி நின்று பார் என்று அதற்கும் ஒரு பதில் சொன்னேன். அன்றிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற நாளெல்லாம், காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வந்து ஒரு தடவை, அவள் அந்த மதகுச் சுவரின் மேல் ஏறிப் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மழையில் முந்தானையால் போனை மூடிக்கொண்டு நிற்பாள். நம் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். நான் அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன்.

உன் அப்பாவிடம் மட்டும் ஒரு நாள் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "நீ மெசேஜ் வரும்னு சொன்னதாலதான் அவ நம்பி வேலைக்குப் போனா. இல்லேன்னா மழ நாள்ல வயல விட்டு நகந்துருக்க மாட்டா" என்றார். அதை இப்போதும் அவரேதான் எழுதுகிறார், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். முன்பு சேதி வராது என்று அவளுக்குத் தெரியும், அதனால் கண்ணை வாய்க்காலில் வைத்திருந்தாள். நான் அந்தக் கண்ணை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பச்சை விளக்கைக் கொடுத்தேன்.

நீ அப்போது பத்தே நிமிஷத்தில் சரி செய்துவிட்டாய். "பழைய வெர்ஷன்லயே நிறுத்திட்டேம்மா, இனிமே மாறாது" என்றாய். கூடவே, பேக்கேஜ்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று கண்காணிக்க இன்னொரு பேக்கேஜும் போட்டாய். யாருடைய வயல் போனது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்கு அது ஒரு பிழைச் செய்தி. அப்படி நினைக்கும்படி விட்டது நான்.

இந்தக் கோடையில் நானே எல்லாவற்றையும் பிரித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, வலது கண்ணைத் திரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு. ராகு காலத்தை அணைத்தேன். அணைத்தாலும் அது உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது, வேலை மட்டும் செய்யவில்லை. பஞ்சாங்கத்தையே எடுத்தேன், பொங்கல் வாழ்த்து நின்றது. வாழ்த்தை எடுத்தேன், மோடம் பேச மறுத்தது. வாழ்த்துக்கும் மோடத்துக்கும் நடுவில் எங்கேயோ நான்தான் ஏதோ ஒரு காலத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறேன், எங்கே என்று தெரியவில்லை. நாலு தடவை ஆரம்பித்தேன், நாலு தடவையும் பழையபடியே திருப்பி வைத்தேன். இடையில் ஒரு வாரம் தாமரைப் பூ வராததற்குச் சங்கத் தலைவர், "குட் மார்னிங் வரலையே டீச்சர், ஒடம்பு சரியில்லையா?" என்று போன் பண்ணினார். பூ வராதது அன்றே தெரிந்துவிடுகிறது பார். நான் எழுதிய முதல் ஒரு பக்கம் இதற்குள் எங்கேயோ இருக்கிறது. என்னால் அதைத் தேடி எடுக்க முடியவில்லை. ஐந்தாவது தடவை உட்கார்ந்தபோது வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. மூடிவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். இருப்பதை எடுக்க முடியாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பக்கம் புதிதாக எழுது. நாற்பத்திரண்டு எண்கள், ஒரு வரி, மோடம். போனதா இல்லையா என்று உள்ளதைச் சொல்லும் ஒரு விளக்கு. போகவில்லை என்றால் கத்த வேண்டும், பொறுக்கக் கூடாது. வேறு எதையாவது சேர்க்கத் தோன்றினால், இது விழுந்தால் எவளுடைய வயல் போகும் என்று கேட்டுப் பார். பதில் தெரியாவிட்டால் சேர்க்காதே. நீ இதைச் செய்வாயா என்று எனக்கு நம்பிக்கை இல்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். பத்து நாள் பத்து நிமிஷமாகப் போய்விடும். துணி எடுக்க வேண்டும், சீர்காழி அத்தையைப் பார்க்க வேண்டும், விசா வேலை இருக்கும். அடைமழை பிடித்துக்கொள்ளும், நீ விமானத்தில் இருப்பாய், நான் குருட்டுக் கண்ணோடு அந்தப் பச்சை விளக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அஞ்சலை இந்த வருஷமும் அதே நாலு மாவைப் பிடித்திருக்கிறாள். நாற்றங்கால் விட்டாகிவிட்டது.

நேற்று சாயங்காலம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மதகு வரைக்கும் நடந்து போனேன். அவள் மேலே நின்றிருந்தாள். "எறங்கி வாம்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ராகு காலம், கிரகணப் படம், பச்சை விளக்கு, சிக்னல் என்று நான் சொன்ன பொய். பேக்கேஜ் என்றால் அவளுக்கு என்ன புரிந்திருக்கும் என்று தெரியாது. நான் அழுதேன், அவள் அழவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் போனு நல்லாத்தான் இருந்துச்சா, டீச்சர்?"

"ஆமாம்மா. நல்லாத்தான் இருந்துச்சு."

"ஒரு வருஷமா ஏறி எறங்குனேனே" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "இருட்டுறதுக்குள்ள கூட்டிட்டுப் போங்கய்யா, வழி சேறா இருக்கு" என்றாள்.

இன்று காலை அந்த ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். அவள் மதகின் மேல் நின்றாள். என் கண்ணுக்கு ஆள் உருவம் மட்டும்தான் தெரிந்தது, ஆனால் கை தலைக்கு மேலே தூக்கியிருக்கவில்லை என்பது தெரிந்தது. என்ன செய்கிறாள் என்று அப்பாவிடம் கேட்டேன். கையில் போன் இல்லை, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றார்.

அம்மா